பூட்டனின் மொழியும் பேரனின் ஓரிரு சொல்லும்

டப்ளினில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் 1901, 1911 ஆகிய ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களை இணையத்தில் கட்டணமின்றித் திறந்து வைத்திருக்கிறது. வெளிநாடுகளில் வாழும் ஐரிஷ் வம்சாவளியினர் தங்கள் பூட்டன் பூட்டியைத் தேடிக்கொண்டு முதலில் வந்து சேரும் இடங்களில் அதுவும் ஒன்று. வீட்டுக்கு ஒரு தாள். பெயர், வயது, மதம், தொழில், எழுத்தறிவு ஆகியவற்றோடு 'ஐரிஷ் மொழி' என்று ஒரு பத்தியும் அதில் இருக்கும். ஐரிஷ் மட்டும் பேசுகிறவருக்கு 'ஐரிஷ்' என்று எழுத வேண்டும். இரண்டும் தெரிந்தவருக்கு 'ஐரிஷும் ஆங்கிலமும்'. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரின் கட்டத்தைக் காலியாக விட்டுவிட வேண்டும். மேற்குக் கரையோர மாவட்டங்களின் தாள்களைப் பார்த்துக்கொண்டே போனால் ஒரு காட்சி பல வீடுகளில் வந்துகொண்டிருக்கும்: பெரியவர்களின் கட்டத்தில் 'ஐரிஷும் ஆங்கிலமும்', அதே வீட்டுப் பிள்ளைகளின் கட்டங்களில் எதுவும் இல்லை. ஒரு மொழி கைமாறாமல் நின்றுபோன இடம் ஒரே பக்கத்தில், குடும்பத் தலைவரின் கையெழுத்தோடு தெரிகிறது.

அந்தக் காலிக் கட்டத்துப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் கப்பலேறிப் போனார்கள். ஐரிஷ் வழிவந்தவர்கள் என்று இன்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள் அமெரிக்காவில் மட்டும் 3 கோடிக்கும் மேல். அயர்லாந்துத் தீவின் வடக்கையும் தெற்கையும் சேர்த்தாலே இன்றைய மக்கள்தொகை 70 லட்சத்துச் சொச்சம்தான். செயின்ட் பாட்ரிக் நாளையொட்டி சிகாகோ ஆற்றில் பச்சைச் சாயம் கலக்கிறார்கள். கோப்பையை உயர்த்தும்போது 'ஸ்லான்ச்சா' என்கிறார்கள். வீட்டு வாசலில் 'கேய்த் மீலெ ஃபால்ச்சா' என்ற வரவேற்புப் பலகை, மோதிரத்தில் ஒரு வாக்கியம், தோளில் பச்சை குத்திய ஒரு பழமொழி, கைபேசிச் செயலியில் சில நிமிடப் பாடம் என்று அந்த மொழி அவர்கள் வாழ்க்கையில் அங்கங்கே தலைகாட்டுகிறது. அயர்லாந்துக்குள்ளும் இந்தப் பழக்கம் உண்டு. 'கூப்லா ஃபொகல்', அதாவது ஓரிரு சொல், என்று அதற்குப் பெயரே இருக்கிறது. அமைச்சர் தம் உரையை ஐரிஷில் இரண்டு வாக்கியத்தோடு தொடங்கி, பிறகு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவதும் இதில்தான் சேரும்.

இந்த ஓரிரு சொல்லுக்கு என்ன மதிப்பு என்பதுதான் என் கேள்வி. வெறும் அலங்காரம் என்று தள்ளுகிறவர்கள் உண்டு. ஒரு மொழி பிழைத்திருப்பதே இப்படித்தான் என்று போற்றுகிறவர்களும் உண்டு. இரு தரப்பும் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டே வழக்கைத் தொடங்குகின்றன. கூர்ந்து பார்த்தால் இந்தப் பழக்கத்தை மூன்று நம்பிக்கைகள் தாங்கி நிற்கின்றன. வம்சாவளி ஒருவரை ஐரிஷ்காரராக்கும் என்பது முதலாவது. ஐரிஷ்காரர் என்ற அடையாளத்தின் உயிர்நிலை ஐரிஷ் மொழி என்பது அடுத்தது. அந்த மொழியில் சில சொற்களையாவது சொல்வது மொழியைக் காப்பதாகும் என்பது கடைசி. இவற்றைத் தனித்தனியே எடுத்துப் பார்க்காவிட்டால், ஒன்றில் இருக்கிற உண்மையை மற்றொன்று கடன் வாங்கிக்கொண்டு தப்பிவிடும்.

வம்சாவளியைப் பொறுத்தவரை அயர்லாந்தின் சட்டம் தாராளமானது. தாத்தா பாட்டியரில் ஒருவர் அந்தத் தீவில் பிறந்திருந்தால் போதும். பேரன் பாஸ்டனில் பிறந்திருந்தாலும் மெல்போர்னில் பிறந்திருந்தாலும் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயரைச் சேர்த்துக் குடியுரிமை பெறலாம். அவர் அந்த மண்ணை மிதித்திருக்க வேண்டியதில்லை. மொழித் தேர்வும் கிடையாது. மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2004 ஜூனில் நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் ஆதரிக்க, அந்தத் தீவில் பிறந்தாலே குடியுரிமை என்ற உரிமை நீக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய பெற்றோருக்கு டப்ளினில் ஒரு பெண் குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் போதிய ஆண்டுகள் சட்டப்படி தங்கியிருக்காவிட்டால் அவள் பிறப்பால் குடிமகள் ஆகமாட்டாள். அவள் பள்ளிக்குப் போவாள், ஐரிஷ் பாடம் படிப்பாள், வகுப்பில் அந்த மொழியில் பாடுவாள். பாஸ்டன் பேரனுக்கு இருக்கும் பிறப்புரிமை அவளுக்கு இருக்காது.

ஆக, யார் ஐரிஷ்காரர் என்பதை இரத்தத்தால் அளப்பது ஓர் அரசு எடுத்த முடிவு, வாக்களித்து மாற்றக்கூடிய முடிவு. அதை இயற்கையின் சட்டமாக எடுத்துக்கொள்ள எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. இதனால் பூட்டியைத் தேடி வருகிறவரின் உணர்வு பொய்யாகிவிடாது. 1922-இல் உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தபோது பல நூற்றாண்டுப் பதிவுகள் சாம்பலாயின. அந்த இழப்புக்குப் பிறகும் ஒரு பெயரை, ஒரு பங்குத் தேவாலயத்தின் ஞானஸ்நானக் குறிப்பை, ஒரு ஊரை இணைத்து இணைத்துத் தன் குடும்பத்தை மீட்டெடுக்கிற ஒருவரை நான் மதிக்கிறேன். அவருக்கு நினைவின் மீது முழு உரிமை உண்டு. ஆனால் நினைவின் மீதுள்ள உரிமை தானாகவே மொழியின் மீதும் நீளும் என்பதற்கு அந்தத் தாள்களில் சான்று இல்லை. பல குடும்பங்களில் மொழியை நிறுத்திய கை அந்தப் பூட்டனுடையது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஐரிஷ் வம்சாவளியினரிடையே புழங்கும் கதை ஒன்று உண்டு: 'எங்கள் மொழியை ஆங்கிலேயர் பறித்தார்கள்.' அதில் பெரும்பகுதி உண்மை. நிலத்தையும் நீதிமன்றத்தையும் ஆட்சியையும் நூற்றாண்டுக் கணக்கில் ஆங்கிலத்தின் கையில் வைத்திருந்தது வெற்றிகொண்ட அரசு. 1831-இல் தொடங்கிய தேசியப் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி. 1845 முதல் 1852 வரையிலான பெரும் பஞ்சம் ஏறத்தாழ 10 லட்சம் பேரைக் கொன்றது, அதற்கும் மேற்பட்டோரை நாடு கடக்க வைத்தது. 1841-இல் 80 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை பத்தே ஆண்டுகளில் 66 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. அடி மிகக் கடுமையாக விழுந்தது ஐரிஷ் பேசிய மேற்கின் ஏழைகள் மீது. 1851 கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசுவோர் 15 லட்சம் பேர், அதாவது ஏறத்தாழ நான்கில் ஒருவர்.

கதை அதோடு முடியவில்லை. பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டி, அவன் வாயில் ஐரிஷ் சொல் வரும்போதெல்லாம் அதில் ஒரு வெட்டு வைத்து, வெட்டுகளை எண்ணி அடிக்கும் வழக்கம் இருந்தது. அந்த வெட்டுகளை வைத்தவர் ஆசிரியர் மட்டுமல்லர். வீட்டில் பெற்றோரும் வைத்தார்கள். கெர்ரி மாவட்டத்தில் ஐரிஷ் பேசி வளர்ந்த அரசியல் தலைவர் டேனியல் ஓ'கானல் லட்சக்கணக்கானோரைத் திரட்டிய கூட்டங்களில் ஆங்கிலத்தில் பேசினார். நவீன வாழ்வுக்கு ஆங்கிலமே பயன்படும் என்பது அவர் கருத்து. குருமார்களைப் பயிற்றுவித்த மேனூத் கல்லூரியும் ஆங்கிலத்தின் பக்கமே சாய்ந்தது. நியூயார்க்குக்கும் லிவர்பூலுக்கும் போகப்போகிற பிள்ளைக்கு எது சோறு போடும் என்று அந்தப் பெற்றோர் கணக்குப் போட்டார்கள். பஞ்சத்தைப் பார்த்தவர்களின் கணக்கு அது, அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் ஓர் உண்மையை மறைக்கக்கூடாது. இன்று கடல்கடந்து நின்று 'என் மூதாதையரின் மொழி' என்று உருகுகிற பேரனின் வசதிக்காகத்தான் அந்த மூதாதையர் அதைக் கைவிட்டார்கள். பறிக்கப்பட்டது என்று மட்டும் சொன்னால் திருப்பிக் கேட்க ஒருவர் கிடைப்பார். கைவிடவும் பட்டது என்று ஒப்புக்கொண்டால், மீட்கிற பொறுப்பு வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். வம்சாவளியினர் பலர் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அடையாளத்தின் உயிர்நிலை மொழி என்ற அடுத்த நம்பிக்கை வரலாற்றின் முன் நிற்கவில்லை. ஓ'கானலின் பெருந்திரள் கூட்டங்கள் நடந்த 1840-களிலும், குத்தகை விவசாயிகளின் நில இயக்கம் எழுந்த 1879-இலும் ஐரிஷ் தேசிய உணர்வு கொதித்தது. அதே காலத்தில் மொழி ஊர் ஊராகப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. யேட்ஸும் ஜாய்ஸும் ஆங்கிலத்தில் எழுதினார்கள், அவர்களுடைய ஐரிஷ்தன்மையை எவரும் மறுக்க முடியாது. மொழி போன பிறகும் அடையாளம் நின்றது, பல இடங்களில் இன்னும் இறுகவும் செய்தது. மொழியே உயிர்நிலை என்ற கருத்து பரவலாக வேர்விட்டதுகூட இழப்பு பெரும்பாலும் நடந்து முடிந்த பிறகுதான். ராஸ்காமன் மாவட்டத்துப் புராட்டஸ்டன்ட் போதகர் ஒருவரின் மகனான டக்ளஸ் ஹைட், அயர்லாந்து ஆங்கிலமயத்திலிருந்து விலக வேண்டும் என்று 1892-இல் ஆற்றிய உரையும், மறு ஆண்டு அவரும் ஓவன் மெக்நீலும் மற்றவர்களும் தொடங்கிய கேலிக் லீக்கும் அதற்கு உருக்கொடுத்தன. லீக்கைக் கட்சி அரசியலுக்கு வெளியே, எல்லா மதத்தாருக்கும் பொதுவாக வைத்திருக்கவே ஹைட் விரும்பினார். 1915-இல் அது அரசியல் நோக்கத்தை ஏற்றபோது தலைமையிலிருந்து விலகினார். பின்னர் 1938-இல் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானதும் அவரே. அதற்கு முந்தைய ஆண்டு இயற்றப்பட்ட அரசமைப்பின் 8-ஆம் பிரிவு ஐரிஷை நாட்டின் தேசிய மொழி, முதல் ஆட்சிமொழி என்று அறிவித்தது.

ஆக, இந்த இரண்டாவது நம்பிக்கையை ஒரு விருப்பமாக ஏற்கலாம், வரலாற்று விவரணையாக ஏற்க முடியாது. விருப்பம் என்பதால் அது மட்டமாகிவிடாது. ஆங்கில உச்சரிப்புக்குத் திருத்தி எழுதப்பட்ட ஊர்ப்பெயர்களோடு, அவற்றின் பொருள் புரியாமலே வாழ்கிற ஒரு மக்களுக்கு அந்த மொழியை மீண்டும் கற்க ஆசை எழுந்தால் அது நியாயமான பசி. பசியை உணவு என்று எண்ணிக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கடைசி நம்பிக்கையின் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது.

2022 கணக்கெடுப்பின்படி அயர்லாந்துக் குடியரசில் ஐரிஷ் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் 18,73,997 பேர், 40 விழுக்காடு. அவர்களிலும் மிக நன்றாகப் பேசுவேன் என்றவர்கள் பத்தில் ஒருவர். சரியாகப் பேச வராது என்றவர்கள் பாதிக்கும் மேல். கல்விக்கூடத்துக்கு வெளியே தினமும் அதைப் பேசுகிறவர்கள் 71,968 பேர், அதாவது தெரியும் என்றவர்களில் நூற்றுக்கு நால்வர்கூட இல்லை. 2016-இல் இந்த எண்ணிக்கை 73,803. பெருமிதம் இருக்கும் அளவுக்குப் பேச்சு இல்லை.

இந்த இடைவெளி எப்படி உண்டாயிற்று என்பதற்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். 'அன் வில் கியத் அகம் துல் கு டீ அன் லெஹ்ரஸ்?' கழிப்பறைக்குப் போக அனுமதி உண்டா என்பது பொருள். வகுப்பில் இதை ஐரிஷில் கேட்டால்தான் வெளியே போக முடியும் என்பதால், பள்ளியில் படித்தது எல்லாம் மறந்துபோன ஐரிஷ்காரருக்கும் இது மறக்காது. இலக்கணத்தில் பிழையில்லாத வாக்கியம். கேள்வி உருபு இருக்கிறது, வினை இருக்கிறது, 'என்னிடம் அனுமதி இருக்கிறதா' என்று உடைமையைச் சுட்டும் அந்த மொழிக்கே உரிய அமைப்பும் இருக்கிறது. பள்ளி முழுவதும் ஐரிஷ் கட்டாயப் பாடமாக இருந்தும், இந்த ஒரு வாக்கியத்தின் உறுப்புகளைக் கழற்றி 'என்னிடம் பணம் இருக்கிறதா', 'அவளிடம் சாவி இருக்கிறதா' என்று மாற்றிப் போடத் தெரியாதவர்கள் ஏராளம். மந்திரமாக மனத்தில் தங்கிய வாக்கியம் மொழியாகச் சுரக்கவில்லை.

ஐரிஷ் மொழியின் கட்டமைப்பும் மனப்பாடத்துக்கு இடம் கொடுப்பதில்லை. 'ஆம்', 'இல்லை' என்று தனிச்சொல் அதில் கிடையாது. கேள்வியில் வந்த வினையையே பதிலாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். நாமும் 'போனியா?' என்றால் 'போனேன்' என்போம், ஆனால் தடுமாறினால் பிடித்துக்கொள்ள நமக்கு 'ஆமாம்' இருக்கிறது. அங்கே அந்தக் கைப்பிடி இல்லை. எதிரில் இருப்பவர் என்ன வினையில் கேட்கிறார் என்று காதில் வாங்கி, அதன் காலத்தைப் புரிந்துகொண்டு, அதே வினையில் பதில் சொன்னால்தான் உரையாடல் அடுத்த படிக்கு ஏறும். நலம் விசாரிப்பதிலேயே வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபாடு உண்டு. தெற்கில் மன்ஸ்டரில் 'கனஸ் தா தூ?', மேற்கில் கானமாராவில் 'கே கீ வில் தூ?', வடக்கில் டோனிகாலில் 'ஜே மர் தா தூ?'. செயலியில் ஒன்றைக் கற்றுக்கொண்டு வருகிறவருக்கு மற்ற இரண்டும் வேற்று மொழியாகவே ஒலிக்கும். ஓரிரு சொல் முதல் வாக்கியம் வரை கூட வரும். உரையாடல் பிறப்பது இரண்டாவது வாக்கியத்தில்.

இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்தவர் மனஹான் மேகன். ஆங்கிலமே பேசாமல் ஐரிஷை மட்டும் வைத்துக்கொண்டு அயர்லாந்தைச் சுற்றிவர முடியுமா என்று பார்க்க 2007-இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் செய்தார். டப்ளின் கடைகளிலேயே திணறினார். கால்வே நகரத் தெருவில் நின்று ஐரிஷில் மிக ஆபாசமான வரிகளைப் பாடினார். கேட்டவர்கள் முகம் சுளிக்கவில்லை, பாட்டுக்குத் தலையாட்டினார்கள். தேசிய மொழி என்று அரசமைப்பு சொல்கிற மொழி அவர்கள் காதில் இனிய ஓசையாக மட்டுமே விழுந்தது. பலரை அந்தக் காட்சி சிரிக்க வைத்தது, எனக்கு அது வலித்தது. மொழியின் மீது அந்தத் தெருவில் இருந்தவர்களுக்கு வெறுப்பில்லை, அன்புதான் இருந்தது. பொருள் கேட்காத அன்பு.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் அதன் முழு வலுவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். 'கெட்டிக்கார ஆங்கிலத்தைவிட உடைந்த ஐரிஷ் மேல்' என்று அங்கே ஒரு சொலவடை இருக்கிறது. பிழையாகப் பேசினாலும் பேசு, வெட்கம்தான் மொழியைக் கொல்கிறது என்பது அதன் சாரம். 2023-இல் பாஃப்டா விருது விழாவில் நடிகர் பால் மெஸ்கல் டிஜி4 என்ற ஐரிஷ் மொழித் தொலைக்காட்சிக்குத் தயங்கித் தயங்கி ஐரிஷில் பதில் சொன்னார். அது எங்கும் பரவி, பள்ளியோடு மொழியை விட்டுவிட்ட பலருக்குக் கூச்சத்தைப் போக்கியது. அந்தப் பதிலை நான் ஓரிரு சொல் கணக்கில் சேர்க்கமாட்டேன். அவர் ஒரு கேள்வியைக் கேட்டு, புரிந்துகொண்டு, தன் வாக்கியத்தைத் தானே கட்டினார். உடைந்திருந்தது, ஆனால் உரையாடலாக இருந்தது. அந்தச் சொலவடை புகழ்வதும் இதைத்தான். மோதிரத்தில் பொறித்த வாக்கியம் உடைவதே இல்லை, ஏனென்றால் அதை யாரும் பயன்படுத்துவதில்லை.

இன்னொரு வாதமும் உண்டு. ஓரிரு சொல் பேசும் லட்சக்கணக்கானோரின் நல்லெண்ணம் இல்லாவிட்டால் மொழிக்கு இத்தனை சட்டமும் பணமும் கிடைத்திருக்குமா? 2003-இல் ஆட்சிமொழிகள் சட்டம், 2007-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆட்சிமொழித் தகுதி, 2022 டிசம்பரில் வட அயர்லாந்தில் மொழிக்குச் சட்ட ஏற்பு என்று பட்டியல் நீளமானது. நல்லெண்ணம் இதற்கெல்லாம் இடம் கொடுத்தது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் கதவைத் தட்டியவர்கள் யார்? ஐரிஷ் இன்னும் பேசப்படும் கேல்டக்ட் என்ற பகுதிகளின் இளைஞர்கள் 1969-இல் குடிமை உரிமை இயக்கம் தொடங்கினார்கள். மறு ஆண்டு கானமாராவில் அனுமதியில்லாமல் ஒரு வானொலியை ஒலிபரப்பினார்கள். அதன் பிறகுதான் 1972-இல் அரசின் 'ரேடியோ நா கேல்டக்டா' வந்தது. தொலைக்காட்சிக்கு மேலும் 24 ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. சமையலறையில் அந்த மொழியைப் பேசியவர்கள் கேட்டதனால் கிடைத்தவை இவை. நல்லெண்ணம் அவர்களை எதிர்க்கவில்லை, அவ்வளவுதான். அரசுக்கோ அந்த நல்லெண்ணம் ஒரு சாக்காகவும் பயன்பட்டது. 40 விழுக்காட்டினருக்கு மொழி தெரியும் என்ற எண்ணைக் காட்டிக்கொண்டு, ஐரிஷில் பேசி ஒரு மருத்துவரையோ அரசு அலுவலரையோ அணுக முடியாத நிலையைப் பல பத்தாண்டுகள் அப்படியே விட முடிந்தது.

வம்சாவளியினரால் ஒன்றுமே ஆகாது என்று இதிலிருந்து முடிவுகட்டினால் அது வரலாற்றுக்கு மாறானது. கால்வே மாவட்டத்திலிருந்து அமெரிக்கா போன ஆசிரியர் மீஹால் ஓ லோஹான் 1881-இல் ப்ரூக்ளினில் 'அன் கேல்' என்ற இருமொழி இதழைத் தொடங்கினார். டப்ளினில் அப்படியோர் இதழ் வந்தது அதற்கு அடுத்த ஆண்டுதான். பாஸ்டனிலும் ப்ரூக்ளினிலும் ஐரிஷ் கற்பிக்கும் சங்கங்கள் 1870-களிலேயே இருந்தன. பகல் முழுதும் உடலுழைப்பில் கழித்தவர்கள் மாலையில் விளக்கடியில் கூடி, தங்கள் பெற்றோர் பேசியும் எழுதக் கற்றுத்தராத மொழியை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். தாய்நாட்டின் மறுமலர்ச்சிக்கு முன்னோடிகளில் அவர்களும் இருக்கிறார்கள். நம் காலத்திலும் கனடாவின் ஒன்டாரியோவில் டாம்வொர்த் என்ற ஊருக்கருகே ஐரிஷ் கற்கும் ஆர்வலர்கள் நிலம் வாங்கி, 2007-இல் வட அமெரிக்காவுக்கென ஒரு கேல்டக்டைத் திறந்தார்கள். இரண்டிலும் பொதுவானது ஒன்று: கூடுவதற்கு ஓர் இடமும் நேரமும், பதில் சொல்ல இன்னொரு வாயும் இருந்தன. வம்சாவளி அவர்களை அந்த வாசல் வரை கொண்டுவந்தது. உள்ளே நடந்த வேலையை வம்சாவளி செய்யவில்லை.

எனக்கு மிகவும் கனமாகத் தோன்றும் சான்று பெல்ஃபாஸ்டில் இருக்கிறது. 1960-களின் இறுதியில் மேற்கு பெல்ஃபாஸ்டின் ஷாஸ் ரோடு பகுதியில் சில இளம் தம்பதிகள் மனை வாங்கி, பக்கம் பக்கமாக வீடு கட்டிக் குடியேறினார்கள். பிள்ளைகளிடம் ஐரிஷ் மட்டுமே பேசுவது என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. அவர்களுக்கே அது தாய்மொழி அன்று, வளர்ந்த பிறகு கற்றது. 1971-இல் 9 பிள்ளைகளோடு ஒரு தொடக்கப் பள்ளியைத் திறந்தார்கள். அரசு அங்கீகாரம் கிடைக்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நகரம் குண்டுவெடிப்பும் தீவைப்புமாக இருந்த அந்த ஆண்டுகளில் பெற்றோர் நன்கொடை திரட்டிச் சம்பளம் கொடுத்தார்கள். இன்று வட அயர்லாந்தில் ஐரிஷ் வழிப் பள்ளிகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படிப்பதற்கு அந்தத் தெரு தாய்வேர். அவர்கள் முழக்கங்களோடு நின்றிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. 'பால் வேணுமா', 'செருப்பைப் போடு', 'தம்பியை அடிக்காதே' என்பவற்றை ஐரிஷில் சொன்னார்கள், நாள் தவறாமல், பதில் எதிர்பார்த்து.

அதே நகரின் கிழக்கில், பிரிட்டனோடு இருக்க விரும்பும் புராட்டஸ்டன்ட் மக்கள் பகுதியான நியூடவுனர்ட்ஸ் ரோட்டில், லிண்டா எர்வின் 'துரஸ்' என்ற ஐரிஷ் வகுப்புகளைத் தொடங்கி நடத்திவருகிறார். அரசியல் கணக்கில் ஐரிஷ் மொழி 'அந்தப் பக்கத்துச் சொத்து' என்று கருதப்பட்ட தெரு அது. வாரத்துக்கு வாரம் வந்து உட்காரும் அந்த மாணவர்களிடம் வம்சாவளிப் பெருமிதம் பேசிப் பயனில்லை. பலருக்கு 'ஐரிஷ்காரர்' என்ற சொல்லே தங்கள் அடையாளமாக இராது. ஆனாலும் மொழி அவர்கள் வாயில் ஏறுகிறது. மொழிக்கும் அடையாளத்துக்கும் உள்ள முடிச்சை அவிழ்த்த பிறகும் மொழி நிற்கும், சில இடங்களில் அவிழ்த்தால்தான் நிற்கும் என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

என் தீர்ப்பை இனிச் சொல்லலாம். வம்சாவளி ஒரு குடும்ப உண்மை. அது மொழியின் மீது எவருக்கும் முன்னுரிமை தராது. டப்ளின் வகுப்பறையில் ஐரிஷில் பதில் சொல்கிற குடியேறியவர் மகளுக்கு, மரபணுச் சோதனையில் 90 விழுக்காடு ஐரிஷ் என்று வந்த ஒருவரைவிட அந்த மொழியில் உரிமை அதிகம். அடையாளத்துக்கு மொழி கட்டாயம் என்ற வாதம் வரலாற்றில் தோற்றது, அதை வைத்து யாரையும் குறைந்த ஐரிஷ்காரர் என்று ஒதுக்குவது அநியாயம். ஓரிரு சொல் பேசுவதனால் மொழிக்குத் தீங்கில்லை, அதை ஏளனம் செய்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். ஆனால் மொழியைக் காப்பதாக அது சொல்லிக்கொள்ளும்போது அந்த உரிமைகோரலை நிராகரிக்கிறேன். மதிப்பிடுவதற்கு நான் கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான்: சொன்னவர் பதிலுக்குக் காத்திருந்தாரா? 'டீயா கிட்' என்ற வணக்கத்துக்கு எதிரில் இருப்பவர் 'டீயா ஸ் முர்ரா கிட்' என்று மரியாளின் பெயரையும் சேர்த்து ஈடுகட்டுவது மரபு. அந்தப் பதில் வந்து, அதற்கு மேல் ஒரு பேச்சும் தொடர்ந்தால் அங்கே மொழி நடக்கிறது. பேசுகிறவர் எந்த நாட்டில் பிறந்தவர், எந்தச் சபையைச் சேர்ந்தவர், பிழையோடு பேசுகிறாரா என்பவை அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை.

இந்த அளவுகோலுக்கு ஒரு கடினமான மறுப்பு உண்டு, அதை விட்டுவிட்டு நகர முடியாது. கற்றுக்கொண்டு பேசுகிறவர்களையே கொண்டாடினால், பிறந்ததிலிருந்து பேசுகிறவர்கள் என்ன ஆவார்கள்? 2022-இல் கேல்டக்ட் பகுதிகளில் பள்ளிக்கு வெளியே தினமும் ஐரிஷ் பேசியவர்கள் 20,261 பேர். அன்றாடம் பேசுவோரில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் அந்தப் பகுதிகளுக்கு வெளியே இருக்கிறார்கள். ஆனால் நூற்றாண்டுகளாக அறுபடாமல் வந்த உச்சரிப்பும் சொல்வளமும் மரபுத்தொடர்களும் அந்த 20,261 பேரிடம்தான் பெரும்பாலும் இருக்கின்றன. அவர்கள் கூடிப் பேசும் இடத்தில் ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவர் வந்து உட்கார்ந்தால், மரியாதைக்காக அத்தனை பேரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். தயங்கித் தயங்கிப் பேசுகிற கற்போர் எதிரிலும் பெரும்பாலும் இதுவே நடக்கும். அரசுக்காக நடந்த விரிவான ஓர் ஆய்வு, போக்கு மாறாவிட்டால் மிக வலுவான கேல்டக்டுகளிலும் ஐரிஷ் சமூகமொழியாக 15 முதல் 20 ஆண்டுகளே தாங்கும் என்று 2007-இல் எச்சரித்தது. அந்தக் கெடு இப்போது கழுத்தில் வந்து நிற்கிறது. இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். ஆகவே பதிலுக்குக் காத்திருப்பது மட்டும் போதாது, அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறவேண்டிய நிலையை உண்டாக்காமல் இருப்பதும் கற்பவரின் கடமையில் சேரும் என்று என் அளவுகோலைத் திருத்திக்கொள்கிறேன்.

அந்தக் கடமை பேச்சோடு முடிவதில்லை. கானமாராவிலும் டோனிகாலிலும் கெர்ரியின் டிங்கிள் தீபகற்பத்திலும் இன்று இளம் குடும்பங்கள் சொல்லும் முதல் குறை இலக்கணத்தைப் பற்றியது இல்லை, வீட்டைப் பற்றியது. கடலோர வீடுகள் விடுமுறைக் குடில்களாகவும் குறுகிய கால வாடகை விடுதிகளாகவும் மாறுகின்றன, விலை உள்ளூர்ச் சம்பளத்துக்கு எட்டுவதில்லை, சொந்த நிலத்தில் கட்டுவதற்கும் திட்ட அனுமதி கிடைக்காமல் பலர் அலைகிறார்கள். பிறந்த ஊரில் குடியிருக்க முடியாமல் கால்வே நகரத்துக்கோ டப்ளினுக்கோ போகிற தம்பதியின் பிள்ளை ஆங்கிலத்தில் வளர்வதற்கே வாய்ப்பு அதிகம். அந்த விடுதிகளில் தங்குகிறவர்களில் வேர்களைத் தேடி வரும் வம்சாவளியினரும் உண்டு. 2012 கேல்டக்ட் சட்டம் ஒவ்வொரு பகுதிக்கும் மொழித் திட்டம் வகுக்கச் சொன்னது, திட்ட அலுவலர்களையும் தந்தது. அந்த அலுவலரால் ஒரு குடும்பத்துக்குக்கூட வீடு கொடுக்க முடியாது. அமைச்சர் ஐரிஷில் தொடங்கும் இரண்டு வாக்கியங்களை எடைபோடும்போது, அதே அமைச்சரவை கேல்டக்டில் எத்தனை இளம் குடும்பங்களுக்குக் கட்ட அனுமதியும் கட்டுப்படியாகும் விலையும் ஏற்படுத்திக் கொடுத்தது என்பதையே நான் முதலில் கேட்பேன். பூட்டியின் ஊருக்குப் பயணம் கிளம்பும் பேரனிடமும் ஒன்று கேட்பேன்: அங்கே யாருடைய வீட்டில் தங்கப்போகிறாய், அந்த வீட்டில் முன்பு குடியிருந்தவர்கள் இப்போது எங்கே?